மதராஸ் மணிப்படி எட்டுக் கிரகங்கள்

27-1-62, சனி

காற்றே இல்லை. மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஜனவரி கடைசியில் இப்படி இருந்தால் எல்லோருக்கும் இரண்டு வருஷம் முன் இந்தத் தீவைப் புரட்டிப்போட்ட கரோல் புயல் ஞாபகம் வரும். கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டதாம். ஆனால் இந்தத் தடவை புயலுக்காக அல்ல. கிரகங்களுக்காக.

செய்ய வேண்டியவை: நாலாம் படிவ நோட்டுகள் திருத்துவது (பாதி பாக்கி). குடைக் கம்பி. அண்ணியின் ஊறுகாய் ஜாடியைத் திருப்பித் தருவது. தேவகிக்குக் கம்பளிச் சட்டை. இந்த வெயிலில் எவன் விற்கிறான்?

மத்தியானம் போர்ட் லூயியிலிருந்து பஸ்ஸில் தேர் ரூஜ், அண்ணன் வீடு. அண்ணன் அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னாலேயே ஆள் ஏற்றும் ரயிலும் ஓய்வு பெற்றுவிட்டது. ஓய்வு பெறாதது அவர் ஜோசியம். முன் அறைச் சுவரில் யுத்த காலத்து உலகப் படம் இன்னும் தொங்குகிறது. குத்திய ஊசிகள் துருப்பிடித்து, ஐரோப்பா முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அதற்குக் கீழே மதராஸிலிருந்து கப்பலில் வரும் பஞ்சாங்கம், பிரெஞ்சுப் பத்திரிகை, ரேடியோ. இருபது வருஷமாக அதே வரிசை.

இன்று விஷயம் விளையாட்டு இல்லை. தேவகி, அண்ணனின் ஒரே மகள், இருபது வயது. இங்கிலாந்தில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கப்பல் அடுத்த சனிக்கிழமை, 3ஆம் தேதி. மார்ச் தொடக்கத்தில் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்கு. இதை விட்டால் அடுத்த கப்பல் மார்ச் கடைசியில்.

அண்ணன் சொல்லிவிட்டார்: "3, 4, 5. மூணு நாளும் மகரத்துல எட்டுக் கிரகம் கூடுது. மூணாவது யுத்தம் அப்பத்தான் மூளும். சூயஸ் தாண்டுறதுக்குள்ள கப்பல் என்ன கதியாகுமோ. அவ போக வேண்டாம்."

கூட அந்துவான். அண்ணனிடம் வேலை பார்த்த எஞ்சின் டிரைவர். பாண்டிச்சேரித் தச்சர் வம்சம். நாலு தலைமுறையாக மாதா கோவில். முன்னோர் தமிழில் அவரிடம் மிச்சம் மூன்று சொல்: அய்யோ, ரசம், மாமா. அண்ணனை இன்றும் "சேஃப்" (பிரெஞ்சில் தலைவர்) என்றுதான் கூப்பிடுகிறார். அவர்கள் பேசுவது கிரியோல், இந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழி. நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். மதராஸில் பி.ஏ. படித்த நாலு வருஷம் கொடுத்த பழக்கம். இங்கே யாரும் எட்டிப் பார்த்துப் படிக்க முடியாது என்பதும் ஒரு வசதி.

"சேஃப், பெர்லின் என்ன நம்பர்?"

"பதினெட்டு. கூட்டினா ஒன்பது. செவ்வாய். நடுத்தெருவுல சுவர் எழுப்பினானே, சும்மாவா?"

"கோங்கோ?"

"இருபத்தஞ்சு. ஏழு. கேது. அவரும் மகரத்துலதான் உக்காந்திருக்கார்."

"அய்யோ. நம்ம தீவு?"

"இங்கிலீஷ்ல எழுதினா இருபத்தெட்டு, அதாவது ஒண்ணு, சூரியன். பிரெஞ்சுல எழுதினா இருபத்திரண்டு. நாலு. ராகு."

"அப்போ சுதந்திரத்தை இங்கிலீஷ்லயே கேக்கச் சொல்லு, சேஃப். பிரெஞ்சுல கேட்டா ராகு கையால வாங்கணும்."

அடுக்களையிலிருந்து அண்ணி: "ராகு குடுத்தா என்ன, கேது குடுத்தா என்ன? எம் பொண்ணு போவாளா மாட்டாளா, அதைச் சொல்லுங்க ரெண்டு பேரும்."

தேவகி பின்வாசல் வழியாக என்னோடு பஸ்ஸுக்கு நடந்து வந்தாள். அழவில்லை. "அத்தை, அப்பா உங்க பேச்சைக் கேப்பாரா?" என்று மட்டும். இல்லை என்று சொல்ல மனமில்லாமல், பையிலேயே மறந்திருந்த ஊறுகாய் ஜாடியை அவள் கையில் கொடுத்தேன்.

28-1-62, ஞாயிறு

மறுபடி தேர் ரூஜ். ஒரே வாரத்தில் இரண்டாம் முறை; அண்ணிக்கே ஆச்சரியம்.

கோவிலில் காவடி முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் 4ஆம் தேதி அமாவாசைக்குக் கிரக சாந்தி அறிவித்துவிட்டார்கள். வெளியே காதில் விழுந்தவை:

"பிஸ்கட் ரெண்டு டின் வாங்கி வச்சிட்டேன்." "உலகம் அழிஞ்சா பிஸ்கட் எதுக்கு?" "அழியலேன்னா?"

சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அதிசயம். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டினார். ஏழு கிரகம் ஏற்கெனவே மகரத்தில். எட்டாவது சந்திரன். அது நுழைவது சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு. துறைமுகப் படியிலிருந்து ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போகும் படகு நாலரைக்கு.

"கரையை விட்டுக் கால் எடுக்குற நேரம்தான் கணக்கு. கப்பல் எப்ப நங்கூரம் தூக்கினா என்ன? ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கு." தன் மகள் போக வேண்டும் என்று அவரும் வழி தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது எனக்கு நேற்றுத் தெரியவில்லை.

பஞ்சாங்கத்தை என் பக்கம் தள்ளினார். "நீ கணக்கு டீச்சர். கூட்டிப் பாரு, சரியா?"

நாழிகையை மணியாக்கும் கூட்டல். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. புத்தகத்தை மூடும்போது முதல் பக்கத்தில் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. மணி எல்லாம் இந்திய நேரப்படி.

நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி வித்தியாசம். அங்கே ஐந்தரை என்றால் இங்கே நாலு. படகு கிளம்பும்போது சந்திரன் உள்ளே போய் அரைமணி ஆகியிருக்கும்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகியின் கையில் ஈரத்துணி.

"கூட்டல் சரிதான்," என்றேன்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது. ஸ்டேஷனில் ஒரு நிமிஷம் பிந்தினால் டிரைவரை நிறுத்தி வைத்துக் கேட்ட மனிதர். அவர் வீட்டில் முப்பது வருஷமாகத் திதி, கல்யாண முகூர்த்தம், காது குத்து, எல்லாமே வேறொரு கரையின் மணிப்படி. ஊரே அப்படித்தான். அச்சில் இருந்தால் அதுதான் நேரம். நானும் யோக்கியம் பேச முடியாது. வருஷா வருஷம் நாலாம் படிவத்துக்குத் தீர்க்கரேகை நடத்துகிறேன், ஒருநாளும் அந்த முதல் பக்கத்தைப் பார்த்ததில்லை.

நம்பிக்கை இல்லாதவளுக்கு அரைமணி முன்னால் என்ன, பின்னால் என்ன. ஆனாலும் தப்பான விடைக்குச் சரி போட்டது போல விரல் உறுத்துகிறது.

30-1-62, செவ்வாய்

வெயில். வகுப்பில் இரண்டு பெண்களுக்கு மயக்கம். ஒருத்தி, "மிஸ், ஞாயிற்றுக்கிழமை உலகம் முடிஞ்சா திங்கட்கிழமை டெஸ்ட் உண்டா?" உண்டு என்றேன். வருத்தப்பட்டார்கள்.

சாயங்காலம் வேலை ஓடவில்லை. பழசு எல்லாம் வரிசையாக.

37இல் தோட்டங்களில் கலகம். நான் மதராஸிலிருந்து திரும்பிய மறு வருஷம். அண்ணன் "செவ்வாய்" என்றார். "கரும்பு விலையைக் குறைத்தார்கள், கூலி போதவில்லை, அதற்குச் செவ்வாய் எதற்கு?" என்று நான். அன்று தொடங்கிய சண்டை. எவ்வளவு இனிமையான சண்டை! பிறகு யுத்தம் முழுக்க அந்த முன் அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரே ஒரு விளக்கு, ஏழெட்டு ஆண்கள், ரேடியோவின் கரகரப்பு. பாரிஸ் விழுந்த அன்று அந்துவான் அழுதார். அவர் பாரிஸைப் பார்த்ததே இல்லை. அண்ணன் தன் பென்சிலை வைத்துவிட்டு அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்பர் திரும்பும், நம்பர் திரும்பும்" என்றார். அரிசிக்குப் பதில் மரவள்ளி தின்ற வருஷங்கள். கடைசி ரயில் லாங் மவுண்டன் பக்கம் கூவிக்கொண்டு போனதும் கூட்டம் கலையும். நான் மூலையில் உட்கார்ந்து அவர்கள் கூட்டலைத் திருத்துவேன். பலனை நம்பாமல் கூட்டலை மட்டும் திருத்தும் ஆள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஏழெட்டுப் பேரில் இன்று இரண்டு பேர்.

அதற்கு முன்னால் 39.

லண்டனில் மேற்படிப்புக்கு எனக்கு இடம். கப்பல் செப்டம்பர் முதல் வாரம். ஆகஸ்ட் கடைசியில் நல்ல நாள் பார்த்து என் தகரப் பெட்டியைப் போர்ட் லூயியில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். பரஸ்தானம். புறப்படும் நாள் சரியில்லை என்றால் முன்கூட்டியே நல்ல நேரத்தில் பெட்டியை வேறு வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி போனால் ஆள் போன கணக்கு. பிறகு மூன்று நாளுக்குள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. போகும் திசையில் வைக்க வேண்டும் என்பார்கள்; லண்டன் வடக்கே, சின்னம்மா வீடு எங்களுக்குத் தெற்கே. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் அண்ணன் சனி மேஷத்தில் நீசம் என்றார். அந்த ஜெர்மானியனின் பெயரைக் கூட்டினார். யுத்தம் வரும், போகாதே என்றார். அப்பா இல்லை, அவர்தான் வீட்டுக்குப் பெரியவர். பெட்டியை ரயிலின் கார்டு வண்டியில் திருப்பி எடுத்து வந்தார். அந்த ரயிலை ஓட்டியது அந்துவான். சில நாளில் யுத்தம் வந்தது. அன்றிலிருந்து அண்ணன் ஊருக்கு ஜோசியர்.

நான் போக வேண்டிய கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லி என்ன. பயந்தார், தங்கை மேல் உள்ள பிரியத்தில். பயத்துக்கு ஒரு கிரகம் கிடைத்தது. பிறகு எனக்கும் வேலை, வீடு, வயது.

நோட்டுகள் இன்னும் பாக்கி.

1-2-62, வியாழன்

தேவகிக்குக் கம்பளிச் சட்டை கிடைத்தது. சீனர் கடை. நாப்தலீன் வாசனை.

சாயங்காலம் நாலரைக்குக் கதவு தட்டல். அண்ணன். பஸ்ஸில் தனியாகப் போர்ட் லூயி வருபவரே இல்லை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டி, கையில் பஞ்சாங்கம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

கோவிலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதுக் குருக்கள் வந்திருக்கிறாரே, அவர் சொல்லிவிட்டார். காலையில் அண்ணன் பெருமையாக ஐந்தரைக் கணக்கைச் சொல்லப்போக, அவர், "இங்கத்து மணிக்கு ஒன்றரை கழிக்கணுமோல்லியோ? நீங்கள்ளாம் இத்தனை நாளா கழிக்கிறதே இல்லையா?" என்று கேட்டாராம். பத்துப் பேர் முன்னால்.

"உனக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

"தெரியும். ஞாயித்துக்கிழமைதான் பார்த்தேன்."

"தெரிஞ்சும் சரின்னு சொன்னே?"

"கூட்டல் சரியான்னு கேட்டீங்க. கூட்டல் சரி."

நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏதோ சின்னப் பையன் போலப் பஞ்சாங்கத்தின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார். "என் கல்யாணமும் கெட்ட நேரத்துலயா நடந்துச்சு, தங்கச்சி?"

"அண்ணி நல்லாத்தானே இருக்காங்க."

சிரிக்கவில்லை. "தேவகி போக வேண்டாம். எட்டும் கூடின பிறகு நான் அனுப்ப மாட்டேன். இடம் போனா போகட்டும், உசிரு இருக்கும்."

அதே வார்த்தை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே வார்த்தை. இன்று தர்க்கத்தைத் தொடவே இல்லை. அவர் கணக்குக்குள்ளேயே போய் நின்றேன்.

"நாளைக்குக் காலையில அவ பெட்டியை இங்க கொண்டுவந்து வையுங்க. நாளைக்கு ஏழுதானே மகரத்துல? எந்த மணி பார்த்தாலும் ஏழுதான். பரஸ்தானம்."

நிமிர்ந்தார். "வச்சா மூணு நாள் செல்லும்," என்றார் மெதுவாக.

"அப்ப போதும்."

"போதும்தான். ஆனா…"

"என் பெட்டியும் பரஸ்தானம் வச்சதுதான், அண்ணா. சின்னம்மா வீட்டுல. உங்க கணக்குப்படி நான் அப்பவே புறப்பட்டாச்சு."

சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. தெருவில் யாரோ வண்டிக்காரன் மாட்டை அதட்டிக்கொண்டு போனான். அண்ணன் இப்போது தண்ணீரைக் குடித்தார். முழுவதும்.

பிறகு ரயில்வே வாட்சை எடுத்துப் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். வாசலில் நின்றார். "பரஸ்தானம் வச்ச பெட்டியைத் திருப்பி எடுத்து வரக் கூடாது," என்றார். என்னைப் பார்த்து இல்லை. தெருவைப் பார்த்து.

பஞ்சாங்கத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார். அல்லது மறக்கவில்லை.

2-2-62, வெள்ளி

முதல் பஸ். அண்ணன் முன்னால், அந்துவான் தோளில் தேவகியின் புதுப் பெட்டி. நீல நிறம், பித்தளை மூலை. என் பழைய தகரப் பெட்டியைத் தரட்டுமா என்று போன மாதம் அண்ணி கேட்டதற்குத் தேவகி, "அதையா? இங்கிலாந்தில சிரிப்பாங்க" என்றாளாம். சரிதான்.

கூடத்தில் கிழக்குப் பார்த்து வைத்தார். குங்குமம், ஒரு தேங்காய். அந்துவான் மூச்சு வாங்கிக்கொண்டு, "சேஃப், பெட்டி புறப்பட்டாச்சு. இனி நான் புறப்படலாமா, காப்பி இருக்கா?"

பள்ளிக்கு ஐந்து நிமிஷம் தாமதம். முதல் தடவை.

3-2-62, சனி

துறைமுகம். பிரெஞ்சுக் கப்பல் தூரத்தில் வெள்ளையாக. படியில் ஜனம். படகு நாலரைக்கு என்றார்கள். சுங்கத்தில் ஏதோ தகராறு, ஐந்தானது, ஐந்தே காலானது. நாலு மணி எப்போதோ போயிற்று. ஐந்தரையும் போயிற்று. நம் மணி, மதராஸ் மணி, இரண்டுமே தீர்ந்த பிறகு படகு வந்தது.

நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் தேவகி நின்றுவிடுவாள். அப்படி வளர்ந்தவள். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வெயிலில் கம்பளிச் சட்டையைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு.

அந்துவான்: "சேஃப், மணி என்ன?"

அண்ணன் பையில் கை விடவில்லை. "வாட்ச் நின்னுபோச்சு."

அந்த வாட்ச் நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு அவரே நீலப் பெட்டியைத் தூக்கிப் படகுக்காரனிடம் கொடுத்தார். தேவகி காலில் விழுந்தாள். அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். தேவகி என்னிடம் வந்து, "அத்தை, நீங்களும் வாங்களேன்," என்றாள். எல்லோரிடமும் சொல்வது போலத்தான் சொன்னாள்.

கப்பல் எப்போது நங்கூரம் தூக்கியது என்று தெரியாது. இருட்டுவதற்குள் அண்ணியை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

5-2-62, திங்கள்

உலகம் இருக்கிறது. டெஸ்ட் நடத்தினேன். பலருக்கு ஏமாற்றம்.

நேற்று கிரக சாந்தியில் கால் வைக்க இடமில்லை என்று அண்ணி பஸ் நிலையத்தில் பார்த்தபோது சொன்னாள். குருக்கள் மணியை ஒன்றரை கழித்தே நடத்தினாராம். கோவில்காரர் ஒருவர் மட்டும் பழைய மணிக்கே வந்து, எல்லாம் முடிந்ததைப் பார்த்துச் சண்டை.

பத்திரிகையில்: அமெரிக்கா கியூபாவோடு வியாபாரத்தை நிறுத்துகிறது. கையெழுத்து சனிக்கிழமை, 3ஆம் தேதி. அண்ணன் குதித்திருப்பார். கியூபாவின் நம்பரைக் கூட்டிப் பார்த்தேன், நான், ஆசிரியர் அறையில், பத்திரிகை ஓரத்தில். பன்னிரண்டு. மூன்று. குரு. குருவுக்குச் சண்டையில் என்ன வேலை என்று அந்துவான் கேட்பார். அதற்கு அண்ணனிடம் பதில் இருக்கும்.

யாரும் பார்ப்பதற்கு முன் அழித்துவிட்டேன்.

8-2-62, வியாழன்

மழை. வாரக் கணக்கில் வராதது மொத்தமாக வந்தது. குடைக் கம்பி இன்னும் அப்படியே.

கூடத்தில் நீலப் பெட்டி இருந்த இடத்தில் குங்குமம் தரையில் ஒட்டியிருக்கிறது. துடைக்கலாம். நாளைக்கு.

11-2-62, ஞாயிறு

தூறல். காலை முழுக்க நோட்டுகள். ஒருவழியாகத் தீர்ந்தது.

பதினொரு மணிக்கு வாசலில் அந்துவான் குரல், "மாமா, மாமா" என்று யாரையோ கேலியாக. பின்னால் அண்ணன், தலையில் சாக்கு. இருவருக்கும் நடுவில் என் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் என் பெயரின் முதல் எழுத்துகள், பாதி உதிர்ந்து. இத்தனை வருஷம் அதில் அண்ணன் யுத்தப் பத்திரிகைகளை வைத்திருந்தார்.

"அதெல்லாம் எங்கே?" என்றேன்.

"எடுத்துட்டேன். கரையான்."

கூடத்துக்குள் தூக்கி வந்தார்கள். குங்குமம் ஒட்டிய அதே இடத்தில் கிழக்குப் பார்த்து வைத்தார். ஈரத்தைத் தன் துண்டால் துடைத்தார், நாலு பக்கமும், அடியிலும். எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கிழவராகிவிட்டார், எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று.

"இங்கேயே இருக்கட்டும்," என்றார். "பெட்டி புறப்பட்டாச்சு. ஆள் எப்ப வேணா போகட்டும்."

"மூணு நாள்தான் செல்லும்னு சொன்னீங்க."

"அது மத்தவங்களுக்கு."

அந்துவான் கூரையைப் பார்த்தார்.

"நேரம் பார்த்தா கொண்டுவந்தீங்க?"

"பின்னே?"

"எந்த மணி? மதராஸா?"

அண்ணன் வாட்சை எடுத்து, எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார். "இங்கத்து மணி."

சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறந்து வைத்துப்போன பஞ்சாங்கத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். தேவகி இந்நேரம் செங்கடல் பக்கம் போயிருக்க மாட்டாள், இன்னும் வடக்கே போக வேண்டும்.

திறந்து பார்க்க நினைத்தேன். காலி செய்தபின் அண்ணன் பழைய பூட்டை அழுத்திவிட்டிருக்கிறார். சாவி யாரிடமும் இல்லை. நாளைக்குப் பூட்டுக்காரனைக் கேட்க வேண்டும்.